கடல் வற்றாமலும் சுனாமி வரும்

பேரழிவுப் படங்களில் வரும் பிழைகளைச் சொன்ன ஒரு கட்டுரையில், சுனாமி பற்றிய முக்கியமான ஒன்று விடுபட்டுப் போச்சு. பல படங்களில் முதலில் கடல் வற்றும், பிறகுதான் அலை வரும். 2004 டிசம்பர் 26இல் இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் கல்முனை, நாவலடிப் பக்கம், கடல் வற்றாமலே முதலில் தண்ணீர் ஏறியது. சுமாத்திராவுக்கு மேற்கே நிலநடுக்கத்தில் பிளந்த கடலடியின் மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்தில் முதலில் வற்றியது, மேற்கே எங்களுக்கு வற்றவில்லை. படத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகள் கடல் வற்றட்டும் என்று காத்து நிற்கக்கூடாது.

சுருண்டு விழும் மலை அலையும் பிழை. 4,000 மீற்றர் ஆழமான கடலில் சுனாமியின் வேகம் மணிக்கு சுமார் 700 கிலோமீற்றர், உயரமோ ஒரு மீற்றரும் இல்லை. வள்ளத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கரையோரம் 10 மீற்றர் ஆழத்தில் வேகம் மணிக்கு சுமார் 36 கிலோமீற்றருக்கு இறங்க, பின்னால் வரும் தண்ணீர் முட்டி உயரும். கரையில் அது கூரைத்தகடும் வேலிக்கம்பியும் உருளும் கறுத்த வெள்ளம். நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.