விழுந்தவரைக் கேளுங்கள்

இரண்டு நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை அந்த வீடியோவை மறுபடியும் ஒருவர் அனுப்பி, கீழே நாலு சிரிப்பு எமோஜி போட்டிருந்தார். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

சனிக்கிழமை குவிஸில் நடந்தது இங்கே பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேர் வீடியோ பார்த்திருப்பீர்கள். "மிக் ஃபோலிக்குத் தன் மேட்ச்களிலேயே ரொம்பப் பிடித்தது எது?" இதுதான் கேள்வி. டிவியில் வரும் டபிள்யூ.டபிள்யூ.இ. ரெஸ்லிங்கில் ஆடிய அமெரிக்கர் அவர். ஒரு கல்லூரித் தம்பி எழுந்து, "ஷான் மைக்கேல்ஸ் கூட ஆடின மைண்ட் கேம்ஸ், 1996" என்றான். தவறு என்றார்கள். அட்டையில் இருந்த விடை 1998 ஹெல் இன் எ செல் என்ற கூண்டு மேட்ச். தம்பி விடவில்லை. "சார், அது நமக்குப் பிடிச்ச மேட்ச். அவருக்குப் பிடிச்சது வேற" என்றான். ஹால் முழுக்கச் சிரிப்பு. மேடையில் இருந்தவர் மைக்கிலேயே, "ஃபோலியை விட உனக்கு ஜாஸ்தி தெரியுமாப்பா?" என்று கேட்டார். தம்பி உட்கார்ந்துவிட்டான்.

தம்பி சொன்னது ஃபோலியே பேட்டிகளில் சொன்னது. நான் ஆத்திரப்படுவது பத்துப் புள்ளிக்காக இல்லை. ஒருவருக்கு எது பிடித்தது என்று கேட்டுவிட்டு, அவர் வாயால் சொன்ன பதிலையே தவறு என்று அடிக்கிறோம் அல்லவா, அதற்காக.

அந்த 1998 மேட்ச் என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஜூன் 28, பிட்ஸ்பர்க். 16 அடிக் கூண்டின் உச்சியிலிருந்து எதிராளி அண்டர்டேக்கர் ஃபோலியைத் தூக்கிப் போட்டார். வர்ணனையாளர் மேசையைப் பிளந்துகொண்டு விழுந்தார். இதுவரை பேசி வைத்தது. ஸ்ட்ரெச்சரில் போனவர் பாதியில் இறங்கி வந்து மறுபடி கூண்டின் மேல் ஏறினார். கூரை மேல் சோக்ஸ்லாம் (கழுத்தைப் பிடித்துத் தூக்கி அறைவது) போட்டபோது அந்த இடத்துக் கம்பிவலை பிய்த்துக்கொண்டு உள்ளே போனது. அது யாரும் பேசி வைக்காதது. ஃபோலி ரிங் தரையில் மல்லாக்க விழ, மேலே கிடந்த இரும்பு நாற்காலியும் பின்னாலேயே வந்து முகத்தில் இறங்கியது. பல் தெறித்து மூக்குத் துவாரத்தில் போய் மாட்டிக்கொண்டது. தோள்பட்டை விலகியது. தலையில் பலத்த அடி. அந்த மேட்ச்சில் பெரும்பகுதி தனக்கு ஞாபகத்திலேயே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஞாபகமே இல்லாத ஒன்றை மனுஷன் எப்படிங்க பிடித்தது என்று சொல்வார்?

இப்போது மைண்ட் கேம்ஸ் என்ற நிகழ்ச்சியில் மைக்கேல்ஸோடு ஆடியது. 1996 செப்டம்பர் 22, பிலடெல்பியா. 25 நிமிடத்துக்கு மேல் ஓடிய மேட்ச். கூண்டு கிடையாது, ஆணி கிடையாது. வேடர் என்ற இன்னொரு ரெஸ்லர் குறுக்கே நுழைந்ததால் டிஸ்குவாலிஃபிகேஷனில் முடிந்தது. அதனாலேயே நம் ஆட்கள் பலர் "முடிவு சரியில்லையே" என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் அதில் ஃபோலி செய்ததைப் பாருங்கள். அதுவரை அவரை வெறும் விழுகிற ஆள் என்றுதான் பார்த்தார்கள். அன்றைக்கு உலக சாம்பியனோடு, அந்த வேகத்துக்குச் சரிசமமாக, ஒரு இடம்கூடத் தொய்யாமல் ஆடினார். மைக்கேல்ஸ் காலைக் குறிவைத்து அடித்தால், அடுத்து வரும் நிமிடங்களில் அந்தக் கால் நொண்டும். முன்னால் விதைத்தது பின்னால் முளைக்கும். தொழில் தெரிந்தவர் பெருமைப்படுவது இதற்குத்தான்.

அவர் பெருமையாகச் சொல்லும் இன்னொன்று 2004 பேக்லாஷ் நிகழ்ச்சியில் ராண்டி ஆர்டனோடு ஆடியது. "அதிலும் முள்கம்பி, குண்டூசி எல்லாம் இருக்கே, ரத்த மேட்ச்தானே" என்று ஒருவர் வருவார். ஆமாம், இருந்தது. ஆனால் ஆர்டனுக்கு அப்போது வயது 24. அதுவரை ஜோராக நடந்து வரும் அழகுப் பையன். வெறும் முதுகோடு குண்டூசி மேல் விழுந்து எழுந்த பிறகு அவனை யாரும் பையன் என்று சொல்லவில்லை. ஒரு மூத்தவர் தன் உடம்பைக் கொடுத்து இளையவனை ஆளாக்கிய மேட்ச் அது. ஆக, கேள்விக்கு இரண்டு சரியான விடை இருந்தது. அட்டையில் இருந்தது அந்த இரண்டும் இல்லை.

அடுத்து வழக்கமான குரல். "முடிவு முன்னாடியே தெரிஞ்ச ஆட்டம். இதுல ஆடுறவனுக்குப் பிடிச்சது, பிடிக்காததுன்னு என்ன இருக்கு? எல்லாம் டூப்பு."

வட சென்னையில் பரம்பரைக் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்த பெரியவர்கள் இதைச் சொன்னால் நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். அவர்கள் பார்த்தது வேறு. மற்றவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். தெருக்கூத்தில் பதினெட்டாம் போர் ஆடும்போது துரியோதனன் ஜெயிப்பான் என்று நினைத்தா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்? முடிவு முடிவானதுதான். விழுவது நிஜமாக விழுவதுதான்.

ரிங் மெத்தை என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங் 20 அடிக்கு 20 அடி. அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அவ்வளவுதான். மல்லாக்க விழுவதை 'பம்ப்' என்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் மாதக்கணக்கில் கற்றுக்கொடுப்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை பலகையில் அடிக்கும். முதுகின் மேல்பாகம் முழுக்க ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். இடுப்பு முதலில் பட்டால் முதுகெலும்பு போச்சு. இரண்டு கையையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி, உள்ளங்கை கீழே பார்க்கத் தரையில் அறைய வேண்டும். அந்த அறை அடியின் வேகத்தைப் பரப்பிவிடும். கூடவே மூச்சை வெளியே விட வேண்டும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியும். ஒரு மேட்ச்சில் இதை எத்தனை தடவை செய்கிறார்கள் என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள். கயிற்றில் ஓடி மோதுகிறார்களே, அதிலேயே விலாவெல்லாம் கன்றிப்போகும்.

இதையெல்லாம் செய்துகொண்டே அடுத்தவர் உயிரையும் கையில் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் ஆடியவர் சொல்லும் "பிடித்த மேட்ச்" நாம் சொல்வதிலிருந்து வேறாக இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள். பிடித்தது எது என்று ஆடியவரைக் கேட்டால், அவர் சொல்வதுதான் விடை.

பிரெட் ஹார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்நாள் முழுக்கப் பெருமையாகச் சொல்லும் மேட்ச் 1992 சம்மர்ஸ்லாம். லண்டன் வெம்பிளி ஸ்டேடியம், அறிவித்த கூட்டம் 80,355. எதிரில் பிரிட்டிஷ் புல்டாக், பிரெட்டின் தங்கை புருஷன். மச்சானுக்கும் மச்சானுக்கும் சண்டை. தோற்றது பிரெட்தான். நம் பசங்களுக்கு இது புரியவே புரியாது. "தோத்த மேட்ச்சைப் போயா பிடிச்சதுன்னு சொல்றாரு?" காரணத்தை பிரெட்டே சொல்லியிருக்கிறார். மணி அடித்துக் கொஞ்ச நேரத்திலேயே புல்டாக் பேசி வைத்ததையெல்லாம் மறந்துவிட்டார். மூச்சும் வாங்க ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு அசைவையும் பிரெட் காதோடு சொல்லிக்கொடுத்து, அவரைக் கையைப் பிடித்து நடத்திப் போனார். பிரெட் போட்ட சன்செட் ஃப்ளிப் என்ற உருட்டுப் பிடியை புல்டாக் மடக்கி, தோளைத் தரையில் அழுத்தி ஜெயித்ததும் ஸ்டேடியமே எழுந்து நின்றது.

ஒரே ஒரு முறை அந்த மேட்ச்சை இந்தக் கண்ணோடு பாருங்கள். பிரெட் ஒவ்வொரு முறை தலையை, தாடையை இறுக்கும் ஹெட்லாக்கோ சின்லாக்கோ போடும்போதும், ஈரமான நீள முடி இரண்டு பேர் முகத்தையும் மூடிக்கொள்ளும். கேமராவுக்கு வாய் தெரியாது. பிடி சாதாரணமாக நாம் 'போர்' என்று சொல்லும் அளவுக்கு நீளும். அந்த 'போர்' நேரத்தில்தான் ஒருவர் இன்னொருவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். நாம் மொபைலைப் பார்க்கும் நேரம் அது.

ரிக்கி ஸ்டீம்போட் கதையும் இதேதான். எங்கே போனாலும் ஜனங்கள் அவரிடம் பேசுவது 1987 ரெஸில்மேனியா 3, ராண்டி சாவேஜோடு ஆடியது. சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் நம்பர் போட்டு எழுதி, ஸ்டீம்போட்டை ஒப்பிக்க வைத்துத் தயார் செய்த மேட்ச். அருமையான மேட்ச், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டீம்போட் உயர்த்திப் பேசுவது 1989இல் ரிக் ஃபிளேரோடு ஆடியவற்றை. அதில் ஒன்று, ஏப்ரல் 2 நியூ ஆர்லியன்ஸில், மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய மேட்ச், ஏறக்குறைய ஒரு மணி நேரம். எழுதி வைத்தது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கூட்டத்தின் காற்றைப் பார்த்து அங்கேயே பேசிக்கொண்டு ஆடியது. மார்கழியில் சபாவுக்குப் போகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். கூட்டம் துக்கடாவுக்குக் கைதட்டும். பாடகரைக் கேட்டால், கேன்டீனுக்குப் பாதிப் பேர் எழுந்து போன நேரத்தில் பாடிய ஆலாபனையைச் சொல்வார்.

"அப்போ ரசிகனுக்கு மதிப்பே இல்லையா? டிக்கெட் வாங்குறது யாரு?" என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. இதற்கு நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். 2002 மார்ச் 17, டொரன்டோ, ரெஸில்மேனியா 18. ராக் நல்லவர், ஹோகன் கெட்டவர் என்று கதை கட்டிக்கொண்டு வந்தார்கள். அங்கிருந்த அறுபத்தெட்டாயிரம் பேர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஹோகன் கை தூக்கினால் இடி இடித்தது, ராக் அடித்தால் 'பூ' என்று எதிர்த்துக் கத்தினார்கள். இரண்டு பேரும் ரிங்குக்குள்ளேயே நல்லவர், கெட்டவர் வேஷத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அந்த மேட்ச்சில் பாதியை ஆடியது கூட்டம்தான். 2009இல் அண்டர்டேக்கரும் மைக்கேல்ஸும் ஹூஸ்டனில் ஆடியது, ஆடியவருக்கும் பார்த்தவருக்கும் ஒன்றாகவே பிடித்த மேட்ச். அதிலும் அண்டர்டேக்கர் கயிற்றுக்கு மேலே பாய்ந்தபோது, கேமராமேன் வேஷத்தில் நின்றவர் சரியாகத் தாங்காமல் போக, தலை கீழாக வந்து இறங்கினார். கழுத்து தப்பியது பெரிய விஷயம். ரசிகனுக்கு மதிப்பு உண்டு. அதற்காக ரசிகன் ரெஸ்லரின் மனதுக்குள் புகுந்து அவர் பதிலையும் தானே எழுதக்கூடாது. அவ்வளவுதான் என் வழக்கு.

"வயசாயிடுச்சு, பேட்டிக்குப் பேட்டி மாத்திச் சொல்வாங்க." மாற்றிச் சொன்னாலும் அவர் சொன்னதுதான்.

"வெறும் குவிஸ்தானேப்பா, இவ்வளவு சீன் எதுக்கு?" இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. வெறும் குவிஸ் இல்லை. எந்த மேட்ச்சைப் பெரிசு என்று கொண்டாடுகிறோமோ அதே மாதிரி ஆட்டத்தைத்தான் ரெஸ்லர்களிடம் மறுபடி கேட்கிறோம்.

1997 சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் ஆஸ்டினுக்குப் போட்ட பைல்டிரைவர் உங்களுக்குத் தெரியும். எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்குவது அது. பிடிபட்டவரின் தலை, பிடித்தவர் தொடைக்கு மேலே ஏறி இருக்க வேண்டும். ஆஸ்டின் தலை சில அங்குலம் கீழே தொங்கியது. ஓவன் மண்டியிடாமல் உட்கார்ந்து இறங்கினார். மொத்த எடையும் கழுத்தில் போனது. ஆஸ்டினுக்குக் கை கால் அசையவில்லை. ஓவன் கூட்டத்தை வம்பிழுத்து நேரம் கடத்தினார், ஆஸ்டின் ஊர்ந்து வந்து ஒரு தளர்ந்த ரோல்-அப் (எதிராளியை உருட்டி அழுத்துவது) போட்டார், முடித்தார்கள். அந்தக் கழுத்துக்கு அப்புறம் ஆபரேஷன், 2003இல் ஓய்வு. அந்த வீடியோவுக்கும் நம் ஊரில் தீ எமோஜி போடுகிறார்கள்.

1999 ஜனவரி 24, ராயல் ரம்பிள். ஃபோலியின் கைகளைப் பின்னால் விலங்கு மாட்டியிருந்தது. நாற்காலி அடியில் கைதான் கவசம். கை முன்னால் வந்து தகரத்தைத் தாங்கிக்கொள்ளும். அது இல்லாத நிலையில், பேசி வைத்தது 5 நாற்காலி அடி என்று ஃபோலி சொல்கிறார். மண்டையில் விழுந்தது 11. முதல் வரிசையில் அவர் மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும். குழந்தைகள் அழுததை அன்று எடுத்த ஆவணப்படத்தில் பார்க்கலாம். தலையில் நாற்காலியால் அடிப்பதை அந்த நிறுவனம் தடை செய்ய 2010 ஆனது. ரெஸ்லர் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாட்டில் உயரமும் எடையும் மட்டும் பார்த்து வளர்ந்தோம், சரி. இப்போது வயது வந்துவிட்டது. இன்னமும் ஒரு மனிதரிடம் போய், "நீங்க அதிகமா அடி வாங்கின நாள்தானே உங்களுக்குப் பிடிச்ச நாள்?" என்று கேட்டு, அவர் இல்லை என்றால் சிரிக்கிறோமா?

குவிஸ் நடத்தியவர்களுக்கு: அந்த அணி தோற்றது ஐந்து புள்ளியில். கேள்விக்குப் பத்துப் புள்ளி. முடிவை மாற்றச் சொல்லவில்லை. மைக்கில் சிரித்த மாதிரியே, அடுத்த மாதச் சுற்றில் மைக்கில் விடையைத் திருத்திச் சொல்லுங்கள்.

தம்பி, உன் பேர் எனக்குத் தெரியாது. யாராவது இதை உனக்கு அனுப்பினால் படி. நீ சொன்னது சரி.