டெலவேர் ஆற்றைத் தாண்டினால் நான் குற்றவாளியா?

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி 11 மணிக்கு ஷட்டரை இறக்கி, கல்லாப் பணத்தோடு இருட்டில் கார் வரைக்கும் தனியாக நடக்கிறவன். மறைத்து வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியது அதற்காகத்தான். பின்னணிச் சோதனையெல்லாம் முடிந்து கையில் வந்த அட்டை, 5 வருஷம் செல்லும்.

எங்கே செல்லும்? டெலவேர் ஆற்றுக்கு இந்தக் கரையில், பென்சில்வேனியாவில் செல்லும். அந்தக் கரை நியூ ஜெர்சி; அங்கே செல்லாது!

சனிக்கிழமை ராத்திரி கடையிலிருந்து நேரே நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவேன். நியூ ஜெர்சி பென்சில்வேனியா லைசென்ஸை ஏற்காது. அதனால் கிளம்பும் முன் தோட்டாக்களைக் கழற்றி, துப்பாக்கியைக் கடைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, டார்ச் அடித்துக் கார் சீட்டுக்கு அடியிலும் தேட வேண்டியிருக்கிறது. நுனி குழிந்த தோட்டா ஒன்று அங்கே உருண்டு கிடந்தாலே அந்த மாநிலத்தில் தனி வழக்கு.

பயந்து சொல்வதாக நினைக்காதீர்கள். 2013-இல் பிலடெல்பியாக்காரப் பெண் ஒருவர், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய், நியூ ஜெர்சியில் காரை நிறுத்திய போலீஸிடம் தானே சொன்னார்: துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது என்று. உண்மையைச் சொன்னவரைக் கைது செய்தார்கள். குறைந்தது மூன்றரை வருஷம் பரோல் இல்லாத சிறை என்ற சட்டம் அவர் தலைக்கு மேல் தொங்கியது. 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்த பிறகுதான் முழு விடிவு. ஆளுநர் மனம் வைத்தால்தான் முழுசாகத் தப்பிக்கலாம் என்றால் அது என்ன சட்டம்?

1986-இன் மத்தியச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். தோட்டா இல்லாமல் டிக்கியில் பூட்டி, மாநிலத்தைக் கடந்து போகிறவனுக்குத்தான் அது. அதுவும் போய்ச் சேரும் இடத்தில் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமை இருக்க வேண்டும். அக்கா வீட்டு வாசலில் நிற்கிறவனுக்கு அதனால் என்ன பயன்?

என் டிரைவிங் லைசென்ஸ் 50 மாநிலத்திலும் செல்கிறது. வேலையில் இருக்கும் போலீஸும் ஓய்வுபெற்ற போலீஸும் நாடு முழுக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ள 2004-இலேயே சட்டம் போட்டாகிவிட்டது. எங்களைப் போன்ற சாதாரண ஆட்களின் லைசென்ஸை மற்ற மாநிலங்களும் ஏற்க வைக்கும் மசோதா 2017-இல் கீழவையில் தேறி, செனட்டில் செத்துப்போனது.

சரி, கூடுதல் பயிற்சி வேண்டுமா? தேர்வு வேண்டுமா? வையுங்கள், எழுதுகிறேன். ஆனால் ஒரே அட்டையை எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நாளைக்குச் சனிக்கிழமை. அக்கா பொண்ணுக்குப் பிறந்தநாள். வாரத்திலேயே கல்லாவில் அதிகப் பணம் சேரும் ராத்திரியில், நான் வெறுங்கையோடு கார் வரைக்கும் நடக்க வேண்டும்.