குளத்தில் மூழ்குவது குடுமி வாத்தின் குஞ்சு அன்று

கோவை சிங்காநல்லூர் குளத்தில் மூழ்கி எழும் சிறு பறவைகள் குடுமி வாத்தின் குஞ்சுகள் என்றும், அவ்வாத்து இங்கேயே முட்டையிடுகிறது என்றும் ஒரு நண்பர் படத்துடன் எழுதியுள்ளார். அன்புடன் ஒரு திருத்தம். குடுமி வாத்து ஐஸ்லாந்து முதல் சைபீரியா வரையுள்ள வடபகுதி நன்னீர்நிலைகளில் கோடையில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் மட்டுமே இந்தியாவுக்கு வலசை வருவதால், அதன் குஞ்சை இங்கே காண வாய்ப்பில்லை. அவர் படத்தில் உள்ளது முழு வளர்ச்சியடைந்த முக்குளிப்பான். கொங்குக் குளங்களில் ஆண்டு முழுவதும் வாழும் இந்த அழகிய பறவை வாத்தினமே அன்று, மரபணு ஆய்வுகளின்படி பூநாரைக்கே நெருங்கிய உறவு.

இதனை எவரும் சரிபார்க்கலாம். அலகைப் பாருங்கள்: வாத்துக் குஞ்சுக்கும் அது தட்டையாகவே இருக்கும், முக்குளிப்பானுக்கோ கூரியது, அலகு முகத்தோடு சேரும் இடத்தில் வெளிர்மஞ்சள் புள்ளியும் உண்டு. பறவைக் கையேட்டிலுள்ள பரவல் வரைபடத்தில் குடுமி வாத்தின் இனப்பெருக்கப் பகுதி தனி நிறத்தில் காட்டப்பட்டிருக்கும்.