எழுத்துருவையும் காப்பாற்றுங்கள்
பழைய மடிக்கணினியை முழுவதும் அழித்துவிட்டு, காப்பு நகலில் உள்ளதை அப்படியே திருப்பிப் போடச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. எல்லாம் திரும்ப வந்தால் பழைய குப்பையும் கூடவே வரும். பிறகு எதற்காக அழித்தோம்? நகல் வெளி வட்டில் இருக்கட்டும், வேண்டியதை வேண்டியபோது எடுக்கலாம். மென்பொருள்களைப் புதிதாகவே நிறுவ வேண்டும்.

நம் மலேசியத் தமிழர்களுக்கு இதில் முக்கியமானது எழுத்துரு (ஃபான்ட்). எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறை பரவுவதற்கு முன் சங்கக் கூட்டக் குறிப்பு, திருமண அழைப்பிதழ், பள்ளி ஆண்டு மலர் என எவ்வளவோ இங்கே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளிலும், டிஸ்கி என்ற பழைய குறியீட்டு முறை எழுத்துருக்களிலும் தட்டச்சாயின. அந்த எழுத்துருக்கள் விண்டோஸ் கோப்புறைக்குள், ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில் இருப்பவை. கணினியை அழிக்கும்போது சொந்தக் கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அவை போய்விடும்.

பட்டர்வொர்த்தில் என் பெரியப்பா கோயில் நிர்வாகக் குழுவுக்காக எழுதிய கடிதங்களைப் புதுப்பித்த கணினியில் திறந்தபோது, பழைய எழுத்துரு இல்லாததால் திரை முழுக்கப் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். கோப்பு கெட்டுவிட்டதென்று வீட்டில் அழிக்கவே பார்த்தார்கள். வட்டிலிருந்து அந்த ஓர் எழுத்துருவை எடுத்து நிறுவியதும், முதல் வரியில் ‘அன்புடையீர், வணக்கம்’ என்று தெளிவாக வந்தது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து பலரும் கணினியைத் துடைக்கிறார்கள். தயவுசெய்து, அழிக்கும் முன் எழுத்துருக் கோப்புறை நகலில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றினாலும் மூலக் கோப்பை வைத்திருங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் பிசகுவதுண்டு.