யன்னலோர வெயில் விற்றமின் டி தராது

ஒருவர் "யாழ்ப்பாண வெயிலில் விற்றமின் டி குறையுமோ? மனநல விடுதியில் இருக்கிறவரை யன்னலோரம் இருத்தினால் காணும், குளிசை வீண்செலவு" என்கிறார். பிழை. தோலில் அதை உண்டாக்கும் புற ஊதா பி கதிரை யன்னல் கண்ணாடி ஏறத்தாழ முழுதாகத் தடுத்துவிடும். விடிகாலை இளவெயிலிலும் அது சொற்பம். நிழல் ஆளைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. அந்த வெயிலிலோ குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவரின் தோல் சட்டென்று எரியும். மனநிலையைச் சீராக்கும் லிதியம் எடுப்பவர் வியர்த்து நீர் வற்றினால் இரத்தத்தில் லிதியம் ஏறி நஞ்சாகும். போதாததற்கு, காபமசெபின், பினிற்றோயின் ஆகிய வலிப்பு மருந்துகள் ஈரலில் விற்றமின் டியை வேகமாகச் சிதைக்கும்.

தடுப்புக்கு நாளுக்கு 400 முதல் 800 சர்வதேச அலகு டி3 (விற்றமின் டியின் ஒரு வகை), மத்தியானச் சாப்பாட்டோடு. கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சும். இரத்தத்தில் விற்றமின் டி மில்லிலீற்றருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போயிருந்தால் கதை வேறு: வழக்கமாக 50,000 அலகுக் குளிசை, வாரம் ஒன்று, 6 முதல் 8 வாரம். வீட்டுக்குப் போய் அதையே தினமும் விழுங்கினால் கல்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தைப் பழைய வருத்தம் திரும்பிவிட்டதென்று எடுத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. லிதியமும் கல்சியத்தை ஏற்றக்கூடியது. அதை எடுப்பவருக்குப் பெரிய அளவு தொடங்கமுன் கல்சியத்தைச் சோதிக்கவேண்டும்.