பொம்பெய்க்கு இந்த மகாராஜாக்களைக் கூட்டிப் போனதற்கு

மழை வந்தால் ஊர் சுற்ற வரமாட்டோம் என்றால் கிளம்பும்போதே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இத்தாலியின் நேபிள்ஸிலிருந்து ரயில் பிடித்து, வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, எரிமலை மூடிப் புதைத்த பழைய ரோமானிய ஊரான பொம்பெய் வாசலுக்கே வந்த பிறகு, "மச்சான், மழை விடட்டும்டா, அப்புறம் போலாம்" என்று பொம்மைக் கடைத் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கி நிற்கிறார்கள் என் நண்பர்கள். நவம்பர் மாதம் அந்தப் பக்கம் மழை பெய்யாமல் வேறென்ன பெய்யும்? ஒருவன் காலில் புத்தம்புது வெள்ளை ஷூ வேறு. இடிபாடு பார்க்க வருகிறவன் போடுகிற ஷூவா அது?

சரி, கெஞ்சிக் கூத்தாடி உள்ளே இழுத்துப் போனேன். வயிறு எரிவது எதற்கென்றால், அந்த ஊரைப் பார்க்க மழைநாளைவிட நல்ல நாள் கிடையாது. தெருவுக்குக் குறுக்கே பெரிய பெரிய கற்களை வரிசையாகப் பதித்திருப்பார்கள். அங்கே பாதாளச் சாக்கடை கொஞ்ச இடத்தில்தான் இருந்தது. மழைத்தண்ணீர், தெருமுனைத் தொட்டிகளில் நிரம்பி வழிகிற தண்ணீர், வீட்டுக் கழிவு எல்லாம் தெருவோடுதான் ஓடும். அதில் கால் வைக்காமல் எதிர்ப்பக்கம் போகத்தான் அந்தக் கற்கள், வண்டிச் சக்கரம் போவதற்கு நடுவில் இடைவெளி. வெயில் நாளில் இதையெல்லாம் வாயால் விளக்க வேண்டும். அன்றைக்கு அபொந்தான்ஸா தெருவில் தண்ணீர் அந்த இடைவெளிகளில் புகுந்து புகுந்து ஓடுகிறது, ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முந்தைய ஏற்பாடு கண்ணெதிரே வேலை செய்கிறது, நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், இவர்கள் அதே கல்லின் மேல் ஒற்றைக்காலில் நின்று ரீல்ஸ் எடுக்கிறார்கள்!

வழுக்கியது, இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கருங்கல் நனைந்தால் சோப்பு தேய்த்த மாதிரிதான்.

2023இல் பழுதுபார்த்துத் திறந்த, வெட்டி (Vettii) என்ற பணக்கார ரோமானியர்களின் வீட்டுக்குப் போனோம். கூரை நடுவே வேண்டுமென்றே திறப்பு விட்டிருப்பார்கள், அது வழியாக மழை நேராக முற்றத்துத் தொட்டியில் விழும், அங்கிருந்து நிலத்தடித் தொட்டிக்குப் போகும். "கூரையில ஓட்டைடா, இதைக்கூட சரி பண்ணலையா?" என்கிறான் ஒருவன். படித்தவன். வாசலில் பெரிய ஆண்குறியோடு நிற்கிற பிரையாபஸ் என்ற வளமைக் கடவுளின் ஓவியத்தைப் பார்த்துப் பல்லிளிக்க மட்டும் யாருக்கும் மழை தடையாக இல்லை.

இதிலே என்னை நிஜமாகவே கொதிக்க வைத்தது வேறு. மழைக்கு ஒதுங்குகிறேன் என்று ஊறிப்போன சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலைத் தூக்கி மிதித்துக்கொண்டு நிற்பது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிவைத்ததைத் தோண்டி எடுத்த நாளிலிருந்து மழைதான் தின்றுகொண்டிருக்கிறது. 2010 நவம்பரில் அதே அபொந்தான்ஸா தெருவில், நல்ல மழைக்குப் பிறகு, கிளாடியேட்டர்களின் கூடம் என்று அழைக்கப்பட்ட கட்டடம் அப்படியே சரிந்தது. அதைச் சொன்னால், "ரெண்டாயிரம் வருஷம் நின்னது, நான் சாஞ்சதும் விழுந்துடுமா?" என்கிறான். விழும்டா. விழுந்திருக்கிறது.

ரோமிலிருக்கும் கொலோசியத்தைவிட நூறாண்டுக்கு மேல் மூத்த அரங்கம் தெருக்கோடியில் இருக்கிறது. அது வரைக்கும் நடக்க மாட்டார்களாம், எல்லாம் இடிந்த சுவர்தானாம், பசிக்கிறதாம், பீட்சாவாம்.

இப்போது குரூப்பில் படம் போட்டிருக்கிறார்கள்: "மழையில் பொம்பெய், வேற லெவல்." லைக் போடச் சொல்லி எனக்குத் தனியாக மெசேஜ் வேறு. போட மாட்டேன்.