'எல்லாக் காலத்திலும் கட்சி ஓட்டுதான்' என்பது சரியில்லை

மேலே ஒருவர், "அமெரிக்க செனட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்துக்குக் கட்சி மாறி யாரும் ஓட்டுப் போட்டதே இல்லை" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. (அதிபர் முன்மொழியும் நீதிபதியை, நாடாளுமன்ற மேலவையான செனட் வாக்களித்து ஏற்க வேண்டும்.) இன்றைய நிலைமையை வைத்துப் பழைய காலத்தையும் எடைபோடக் கூடாது.

குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் முன்மொழிந்த ஸ்காலியா 1986இல் 98-0 என்று தேர்வானார். ஜனநாயகக் கட்சி அதிபர் கிளிண்டனின் தேர்வான கின்ஸ்பர்க் 1993இல் 96-3. கடும் சண்டை நடந்த இடத்திலும் கட்சி மட்டுமே முடிவு செய்யவில்லை. 1987இல் ரீகன் முன்மொழிந்த போர்க் 42-58 என்று தோற்றபோது, 6 குடியரசுக் கட்சியினர் எதிர்த்தும் 2 ஜனநாயகக் கட்சியினர் ஆதரித்தும் வாக்களித்தார்கள். 1991இல் குடியரசுக் கட்சி அதிபர் புஷ் முன்மொழிந்த தாமஸ் ஜெயித்தது 52-48. அப்போது செனட்டில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. அவர்களில் 11 பேர் ஆதரித்திருக்காவிட்டால் அவர் இன்று நீதிபதியே இல்லை. எனக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சரி, இப்போது பிளவு கூடிவிட்டது என்றால் ஒத்துக்கொள்கிறேன். 2017இல் விவாதத்தை முடிக்க 60 ஓட்டு வேண்டும் என்ற விதியை இந்த நியமனங்களுக்கு நீக்கிய பிறகு, எதிர்க்கட்சியின் தயவே தேவைப்படாமல் போனது. அப்படியும் 2018இல் குடியரசுக் கட்சி அதிபர் டிரம்ப் முன்மொழிந்த கவனாவுக்கு ஜனநாயகக் கட்சியின் மான்சின் ஆதரவு தந்தார். 2020இல் டிரம்ப் முன்மொழிந்த பேரட்டை, டிரம்பின் சொந்தக் கட்சியின் காலின்ஸ் எதிர்த்தார். 2022இல் ஜனநாயகக் கட்சி அதிபர் பைடன் முன்மொழிந்த ஜாக்சனுக்குக் காலின்ஸ், மர்கோவ்ஸ்கி, ராம்னி என்று 3 குடியரசுக் கட்சியினர் வாக்களித்தார்கள்.

"இப்போதெல்லாம் பெரும்பாலும் கட்சி ஓட்டுதான்" என்று திருத்திவிடுங்கள்.